மில்வாக்கியில் ஒரு புல்வெட்டுப் படலம்!

எம்.எஸ். படிக்க அமெரிக்கா கிளம்புற ஐடியா இருக்கா? ஜி.ஆர்.இ., டோஃபல், விசா, பிரஷர் குக்கர், அம்மா கட்டிக் கொடுக்கிற பருப்புப் பொடி... லிஸ்ட் எல்லாம் ரெடியா இருக்கும். அந்த லிஸ்ட்ல யாருமே எழுதாத ஒரு அயிட்டம் இருக்கு பாஸ். புல்லு வெட்டத் தெரியணும்!

சிரிக்காதீங்க. நானும் சிரிச்சவன்தான். 2023 மே மாசம், மில்வாக்கியில, வாசக்கதவுல ஒட்டியிருந்த நகராட்சி நோட்டீஸைப் படிச்சுட்டு சிரிப்பை நிறுத்தினவன்.

மில்வாக்கி எங்கே இருக்குன்னு தெரியுமா? சிகாகோவிலிருந்து வடக்கே ரயில்ல ஒன்றரை மணி நேரம். ஒரு பக்கம் முழுக்க மிச்சிகன் ஏரி. பேருதான் ஏரி, நம்ம மெரினாவுல நிக்கிற மாதிரியேதான் இருக்கும். மறுகரை தெரியாது, அலை அடிக்கும். உப்பும் சுண்டலும்தான் கிடையாது. வானிலைச் செய்தியில தினமும், 'ஏரிப் பக்கம் இன்னும் குளிர்'னு ஒரு வரி சேர்த்துச் சொல்லுவாங்க. ஜோக்குன்னு நினைச்சேன். ஜூன் மாசம் ஜெர்க்கின் போட்டுக்கிட்டு ஏரிக்கரையில நின்னப்போ புரிஞ்சது.

இந்த ஊர்க்காரங்க பேச்சே தனி. தண்ணி குடிக்கிற குழாய்க்கு 'பப்ளர்'னு பேரு. மத்த ஊர்ல 'கராஜ் சேல்'னு சொல்றதை இங்கே 'ரம்மேஜ் சேல்'னு சொல்லுவாங்க. இந்த ரெண்டாவது வார்த்தையை மட்டும் ஞாபகம் வெச்சுக்குங்க. கதையில வரும்.

நாங்க நாலு பேர். நான், திருச்சிக்காரன், மதுரைக்காரன், அப்புறம் ஹைதராபாத்திலிருந்து வந்த ஒருத்தன். யுனிவர்சிட்டிக்கு மேற்கே, ஆத்தைத் தாண்டினா ரிவர்வெஸ்ட்னு ஒரு ஏரியா. மாணவர்கள், ஓவியர்கள், பழைய மர வீடுகள். அங்கே ஒரு வீட்டை வாடகைக்குப் பிடிச்சோம். வாடகை கம்மி. ஏன் கம்மின்னா, அக்ரிமென்ட்ல பதினோராவது பாயின்ட்: குளிர்காலத்துல பனி தள்ளுறதும், கோடையில புல் வெட்டுறதும் குடியிருப்பவர் பொறுப்பு. நாங்க குடிபோனது ஜனவரியில. பனியைத் தள்ளினோம். புல்லை மறந்துட்டோம்.

மே மாசம் வந்தது பாருங்க, பனிக்குக் கீழே மூணு மாசம் தூங்கிக்கிட்டு இருந்த புல் அத்தனையும் எழுந்துச்சு! இந்தப் பக்கத்துப் புல் குளிர் ரகம். மே, ஜூன்லதான் வெறி பிடிச்ச மாதிரி வளரும், ஜூலை வெயிலுக்குச் சோர்ந்துடும். நாங்க பரீட்சை முடிச்சுட்டு நிமிர்ந்தப்போ முழங்காலுக்கு வந்திருந்தது. நமக்கெல்லாம் அது பச்சைப் பசேல்னு அழகா இருக்கும். அவங்களுக்கு அது குற்றம். அமெரிக்காவுல புல் இவ்வளவு அங்குலத்துக்கு மேல வளரக் கூடாதுன்னு ஊருக்கு ஊர் சட்டமே இருக்கு. சில இடத்துல 8, சில இடத்துல 10, இன்னும் சில இடத்துல 12. தாண்டினா நோட்டீஸ். அப்பவும் வெட்டலைன்னா நகராட்சியே ஆள் விட்டு வெட்டி, பில்லை வீட்டு ஓனருக்கு அனுப்பும். ஓனர் அதை எங்க அட்வான்ஸ்ல கழிப்பார். அட்வான்ஸ் 1,600 டாலர். தலைக்கு 400.

எனக்கு அந்த 400 ஒரு தொகை. திருச்சிக்காரனுக்கு அது வேற. அந்த செமஸ்டரோட அவனுக்கு அசிஸ்டென்ட்ஷிப் நின்னுபோச்சு. அந்த நானூறை எடுத்துத்தான் ஆகஸ்ட் ஃபீஸ்ல ஒரு ஓட்டையை அடைக்கறதா கணக்கு போட்டு வெச்சிருந்தான். வீட்டுக்கு இன்னும் சொல்லலை. எங்களுக்கே ரெண்டு வாரம் கழிச்சுத்தான் சொன்னான்.

சரி, மெஷின் வாங்கணும். ஆளுக்கு 30 டாலர் போட்டோம். மொத்தம் 120. அப்போ டாலர் 82 ரூபாய்க்குப் பக்கத்துல. ஆக, பத்தாயிரம் ரூபாய்க்குக் கிட்டத்தட்ட. ஊர்ல இந்தக் காசுக்கு ஒருத்தரைக் கூப்பிட்டா, வருஷம் முழுக்க வந்து வெட்டிட்டுப் போவார்னு மதுரைக்காரன் புலம்பினான்.

இன்ஜின்களின் ஊர்!

காமெடி என்னன்னா, இந்த மெஷினுக்கு ஏறக்குறைய தாய்வீட்டுலதான் நாங்க உட்கார்ந்திருந்தோம். புல் வெட்டும் மெஷினைக் கண்டுபிடிச்சது இங்கிலாந்துக்காரர், எட்வின் பட்டிங். 1830-ல பேட்டன்ட் வாங்கினார். துணி மில்லுல கம்பளித் துணியோட பிசிறை நறுக்குற உருளையைப் பார்த்து, அதையே புல்லுக்குத் திருப்பினார். ஆனா, அதுக்கு பெட்ரோல் இன்ஜினை மாட்டி வீட்டுக்கு வீடு கொண்டுபோனதுல விஸ்கான்சின் மாநிலத்துக்குப் பெரிய பங்கு உண்டு. பிரிக்ஸ் அண்ட் ஸ்ட்ராட்டன் கம்பெனி 1908-ல மில்வாக்கியிலதான் ஆரம்பிச்சது. 1953-ல அவங்க அலுமினியத்துல லேசான இன்ஜின் கொண்டுவந்தாங்க. அதுவரைக்கும் வார்ப்பிரும்பு கனம். தெற்கே ரசீன்ல ஜேக்கப்சன், வடக்கே போர்ட் வாஷிங்டன்ல சிம்ப்ளிசிட்டி, பிரில்லியன்ல ஏரியன்ஸ், ஹொரிக்கன்ல ஜான் டீர் ஃபேக்டரின்னு சுத்துப்பட்டு ஊரெல்லாம் புல்வெட்டு மெஷின் செஞ்ச ஊர்தான். ஹார்லி டேவிட்சன் பிறந்ததும் மில்வாக்கியில, 1903-ல.

இன்னிக்கு அந்தக் காலம் இல்லை. ரசீன், போர்ட் வாஷிங்டன் ஃபேக்டரிகள் மூடியாச்சு. பிரிக்ஸ் கம்பெனியே 2020-ல திவால் மனு போட்டு, ஒரு முதலீட்டு நிறுவனத்துக்குக் கைமாறிடுச்சு. தெற்குப் பக்கம் போனீங்கன்னா ஆலன் பிராட்லி கட்டடத்து மேல நாலு முகக் கடிகாரம் ஒண்ணு தெரியும். மெக்காவுல கோபுரக் கடிகாரம் வர்ற வரைக்கும் உலகத்துலயே பெரிய நாலு முகக் கடிகாரம் அதுதான். அந்தப் பக்கம் போலந்துக்காரங்க நிறைய வாழ்ந்ததால, ராத்திரியில ஒளிர்ற அந்தக் கடிகாரத்துக்கு 'போலிஷ் நிலா'ன்னு செல்லப் பேர். ஷிஃப்டு போற தொழிலாளி அதைப் பார்த்துத்தான் நடந்திருப்பார்.

நாங்க எதைப் பார்த்து நடந்தோம்? ஆன்லைன் விளம்பரத்தை.

40 டாலர் பாடம்

முதல்ல கடைக்குத்தான் போனோம், விலை விசாரிக்க. தள்ளிக்கிட்டே நடக்கிற சாதா ரகம் புதுசு 250 டாலர் சுத்துவட்டாரத்துல ஆரம்பம். தானே சக்கரம் ஓட்டிக்கிட்டுப் போற செல்ஃப் புரொப்பெல்டு ரகம் 400-ஐத் தாண்டும். பேட்டரியில ஓடுறது சத்தம் இல்லை, புகை இல்லை, நல்லதா வேணும்னா அதுவும் அந்த ரேஞ்சுக்கு மேலதான். பழைய பேட்டரி மெஷின் மலிவா வருமே, வாங்கலாமான்னு கேட்பீங்க. வேண்டாம். பேட்டரி செத்துட்டா, புது பேட்டரி விலை நீங்க மெஷினுக்குக் கொடுத்ததைத் தாண்டிடும். இன்ஜினே இல்லாம கையால தள்ளுற உருளை ரகம் ஒண்ணும் இருக்கு. அது பட்டிங் தாத்தாவோட நேரடி வாரிசு. 100 டாலருக்குள்ளேயே புதுசு கிடைக்கும். வாராவாரம் ஒழுங்கா வெட்டுறவங்களுக்கு அருமையான சாமான். முழங்கால் புல்லுல அது படுத்துடும். எங்களை மாதிரி சோம்பேறிகளுக்கு ஆகாது.

அதனால செகண்ட் ஹேண்ட். வெஸ்ட் ஆலிஸ்ல ஒருத்தர் 40 டாலருக்குப் போட்டிருந்தார். சீனியர் ஒருத்தரோட காரைக் கெஞ்சி வாங்கிட்டுப் போனோம். வீட்டு முன்னாலேயே மெஷினை நிறுத்திவெச்சிருந்தார். கயித்தை ஒரே இழு. டர்ர்ர்! நாலு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கிட்டோம். கை கொஞ்சம் அதிகமாவே உதறுச்சு. 'இந்த மாடல் அப்படித்தான்'னார். காசு கைமாறியது.

மறுநாள் காலையில கயித்தை இழுத்தோம். நாப்பது தடவை இழுத்திருப்போம். மதுரைக்காரன் தோள்பட்டை பிடிச்சுக்கிச்சு. மெஷின் இருமக்கூட இல்லை.

என்ன நடந்ததுன்னு பிறகுதான் விளங்குச்சு. நாங்க போறதுக்கு முன்னாடியே அவர் இன்ஜினைச் சூடு பண்ணி வெச்சிருக்கார். கார்புரேட்டர்ல பழைய பெட்ரோல் காய்ஞ்சு பிசினா அடைச்சிருந்தாலும், சூடா இருக்கிற இன்ஜின் எப்படியோ கிளம்பிடும். குளிர்ந்த இன்ஜினுக்கு பெட்ரோல் கூடுதலா வேணும், அப்போதான் அடைப்பு பல்லைக் காட்டும். ரிப்பேர் கடையில விசாரிச்சா, பிரிச்சுப் பார்க்கவே 60 டாலர்னாங்க. மெஷினோட விலையே நாப்பது!

நாங்களே கார்புரேட்டரைக் கழட்டிச் சுத்தம் பண்ணினோம். அதுவும் கிளம்புச்சு. ஆனா, அந்த உதறல்? யாரோ எப்பவோ கல்லுல மோதியிருக்காங்க. கிராங்க் ஷாஃப்ட் வளைஞ்சிருக்கு. அது மெஷினோட முதுகெலும்பு. பழைய மெஷினுக்கு அதை மாத்துறது, பழைய செருப்புக்குத் தங்க வார் போடுற மாதிரி. 40 டாலர் போச்சு. மிச்சம் 80. நோட்டீஸ்ல இருந்த கெடுவுக்கு அஞ்சு நாள்.

அன்னிக்கு ராத்திரிதான் திருச்சிக்காரன் அசிஸ்டென்ட்ஷிப் விஷயத்தைச் சொன்னான். அவன் போட்ட முப்பது டாலர், அவனோட ஒரு வார மளிகைக் காசு.

இனிமே அவசரப்படலை. ரெண்டு நாள் லைப்ரரியில உட்கார்ந்து, மெஷினைப் பத்திப் படிச்சோம். படிச்சதும், பட்டதும் சேர்த்துச் சொல்றேன், உங்களுக்கு உதவும்.

போனதும் முதல் வேலை, இன்ஜினைத் தொட்டுப் பாருங்க. கையை வெச்சா வெதுவெதுன்னு இருந்தா, 'சாயந்தரம் வர்றோம் சார்'னு சொல்லிட்டு நகர்ந்துடுங்க. டீ குடிச்சுட்டு, ஆறினப்புறம் வாங்க. குளிர்ந்த இன்ஜின் ரெண்டு மூணு இழுப்புல கிளம்பினாதான் பேச்சு. கயித்தை மெதுவா இழுக்கும்போது, ஒரு இடத்துல கையைப் பிடிச்சு நிறுத்துற மாதிரி ஒரு எதிர்ப்பு தெரியணும். வெண்ணெய்ல கத்தி போற மாதிரி சும்மா வந்தா, உள்ளே காம்ப்ரஷன் போயிடுச்சுன்னு சந்தேகப்படுங்க. ஆயில் குச்சியை எடுத்துத் துடைச்சுப் பாருங்க. கறுப்பா இருந்தா பராமரிப்பு இல்லை, அது மன்னிக்கக்கூடிய குற்றம். பால் கலந்த மாதிரி இருந்தா தண்ணி புகுந்திருக்கு, மன்னிக்காதீங்க. பெட்ரோல் மூடியைத் திறந்து மோந்து பாருங்க, புளிச்ச வார்னிஷ் வாடை வந்தா கார்புரேட்டர் கதை தொடங்கியாச்சு. (அங்கே பெட்ரோலுக்கு 'கேஸ்'னு பேரு. முதல் வாரம் சிலிண்டர் தேடினவன் நான்.)

அடுத்து அடிப்பகுதி. முதல்ல ஸ்பார்க் பிளக் ஒயரைப் பிடுங்கிடுங்க. இது ரொம்ப முக்கியம், பிளேடுல விளையாட்டு கிடையாது. ஏர் ஃபில்டர் மேல்பக்கம் வர்ற மாதிரி மெஷினைச் சாயுங்க, மாத்திச் சாய்ச்சா ஆயில் ஃபில்டருக்குள்ளே போயிடும். ஒருத்தர் ஹேண்டில்ல இருக்கிற கம்பியைச் சேர்த்துப் பிடிக்கணும், இல்லைன்னா பிரேக் பிளேடைச் சுத்த விடாது. இன்னொருத்தர் கையுறை போட்டுக்கிட்டு பிளேடை மெதுவாச் சுத்தணும். நடுவுல இருக்கிற போல்ட் தலையையே பாருங்க. அது நின்ன இடத்துல சுத்தினா சரி. வட்டம் போட்டு ஆடினா, கிராங்க் ஷாஃப்ட் வளைஞ்சிருக்கு. 'தேங்க்ஸ் சார்' சொல்லிட்டு வந்துடுங்க. பிளேடு மழுங்கியிருக்கறதைப் பத்திக் கவலையே படாதீங்க, அரம் இருந்தா தீட்டிக்கலாம். டெக் துருப்பிடிச்சிருந்தா ஸ்க்ரூடிரைவரால குத்திப் பாருங்க. மேல்துரு பரவாயில்லை, ஓட்டை விழுந்தா வேண்டாம்.

கடைசியா அந்த ஹேண்டில் கம்பி. அதை விட்டா மூணு செகண்டுக்குள்ளே பிளேடு நிக்கணும். அமெரிக்காவுல 1982-லிருந்து இது சட்டம். யாராவது அந்தக் கம்பியை ஹேண்டிலோட கயிறு போட்டுக் கட்டி வெச்சிருந்தா, இலவசமாக் கொடுத்தாலும் தொடாதீங்க.

செல்ஃப் புரொப்பெல்டு வேணுமா, வேண்டாமா? எங்க ஏரியா வீட்டு மனையெல்லாம் ஒல்லி ஒல்லியா இருக்கும். வீட்டைக் கழிச்சா, புல்தரை ஒரு கிரவுண்டு கூட வராது. மேடு பள்ளமும் இல்லை. இதுக்கு எதுக்கு பெல்ட்டும் கேபிளும் கியரும்? இல்லாத பொருள் ரிப்பேர் ஆகாது. சரிவான இடம்னா மட்டும் அதுக்குச் செலவு பண்ணுங்க.

ரம்மேஜ் சேல்

சனிக்கிழமை காலையில ஷோர்வுட் பக்கம் நடந்தோம். ஓக்லண்ட் அவென்யூல வடக்கே போனா, பக்கத்துத் தெருக்கள்ல கம்பத்துக்குக் கம்பம் அட்டை: ரம்மேஜ் சேல், ரம்மேஜ் சேல். வாசல்ல மேஜை போட்டு, கோப்பை, கிறிஸ்துமஸ் விளக்கு, பனிச்சறுக்குப் பலகைன்னு பரப்பியிருந்தாங்க. ஒரு வீட்டுல, மேஜைக்குப் பின்னாடி கராஜ் நிழல்ல ஒரு மெஷின். 21 அங்குல இரும்பு டெக், சாதா தள்ளு ரகம். சீட்டுல 90 டாலர்னு எழுதியிருந்தது.

வீட்டுக்காரருக்கு எண்பது வயசாவது இருக்கும். நான் எதுவும் பேசாம இன்ஜின் மேல உள்ளங்கையை வெச்சேன். ஜில்லுனு இருந்தது. அவர் சிரிச்சுட்டார். 'யார் சொல்லிக் கொடுத்தாங்க?'ன்னு கேட்டார். 'வெஸ்ட் ஆலிஸ்ல ஒருத்தர், 40 டாலர் ஃபீஸ்'னேன்.

அவர் இன்ஜின் ஃபேக்டரியில வேலை பார்த்து ரிட்டயர் ஆனவராம். கம்பெனி பேரை அவரும் சொல்லலை, நாங்களும் கேட்கலை. நாங்க மெஷினைச் சாய்க்கறதுக்கு முன்னாடி, அவரே பிளக் ஒயரைக் கழட்டிட்டு, 'பாருங்க'ன்னார். போல்ட் நின்ன இடத்துல சுத்துச்சு. அப்புறம் திருச்சிக்காரனைக் கூப்பிட்டு, 'நீ இழு'ன்னார். ரெண்டாவது இழுப்புல கிளம்புச்சு. அவனோட முகத்தை நீங்க பார்த்திருக்கணும்.

எங்க கையில 80. பேரம் பேச எங்களுக்குக் கூச்சம். அந்த ஊர் ரம்மேஜ் சேல்ல பேரம் சகஜம்தான், நமக்குத்தான் தெரியாது. ஹைதராபாத்காரன் மெதுவா, '75?'னு கேட்டான். அவர் கொஞ்ச நேரம் மெஷினையே பார்த்தார். வீட்டை வித்துட்டு, முதியோர் குடியிருப்புக்குப் போறாராம். அங்கே புல்லு வெட்ட ஆள் இருக்கு. '75, ஆனா, அக்டோபர் கடைசியில டேங்க்ல பெட்ரோலை விட்டுவைக்க மாட்டோம்னு சொல்லுங்க'ன்னார். அங்கே பங்க்ல கிடைக்கிற பெட்ரோல்ல பத்து சதவீதம் வரைக்கும் எத்தனால் கலந்திருக்கும். அது குளிர்காலம் முழுக்க டேங்க்ல நின்னா, கார்புரேட்டருக்கு எமன். எங்க 40 டாலர் மெஷினோட கார்புரேட்டரை அடைச்சதும் அதுதான். சொன்னோம்.

கார் இல்லை. பெட்ரோல் மெஷினைத் தூக்கிக்கிட்டு பஸ் ஏறுற தைரியமும் இல்லை. ஆகவே, ஓக்லண்ட் அவென்யூல நாலு தமிழ், தெலுங்கு இளைஞர்கள், முறை வெச்சு, இன்ஜினை நிறுத்தின புல்வெட்டு மெஷினைத் தள்ளிக்கிட்டே போன ஊர்வலம் நடந்தது. லோகஸ்ட் தெருப் பாலத்து மேல ஆத்தைத் தாண்டும்போது ஒரு கார்க்காரர் கண்ணாடியை இறக்கி, 'தம்பிகளா, புல்லு அந்தப் பக்கம்!'னு கத்திட்டுப் போனார்.

முழங்கால் புல்லை ஒரே தடவையில வெட்டாதீங்க. புல்லோட உயரத்துல மூணுல ஒரு பங்குக்கு மேல ஒரு நாள்ல எடுக்கக் கூடாதுன்னு கணக்கு. சக்கரத்தை உயரமா வெச்சு ஒரு சுத்து, ரெண்டு நாள் கழிச்சு இறக்கி இன்னொரு சுத்து. கெடுவுக்குள்ளேயே முடிச்சோம். தர்பூசணி வெட்டின மாதிரி ஒரு வாசனை தெரு பூரா. பக்கத்து வீட்டு அம்மா வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து, 'என் புல்லையும் வெட்டுறீங்களா? 20 டாலர் தர்றேன்'னாங்க. திருச்சிக்காரன் கண்ணு ஒரு செகண்ட் மின்னுச்சு. ஆனா, எஃப்-1 விசாவுல கேம்பஸுக்கு வெளியே அனுமதி இல்லாம காசுக்கு வேலை செய்யக் கூடாது. புல்லு வெட்டுறதும் வேலைதான். இருபது டாலருக்காக விசாவைப் பணயம் வைக்காதீங்க. மறுத்துட்டு, அந்த ஒரு தடவை சும்மாவே வெட்டிக் கொடுத்தான்.

நீங்க அங்கே போறப்போ, முடிஞ்சா செப்டம்பர், அக்டோபர்ல மெஷின் தேடுங்க. சீசன் முடியிற நேரம், விலை இறங்கும். ஏப்ரல், மே மாசம் எல்லாரும் தேடுவாங்க, எங்களை மாதிரி அசட்டு முகங்களுக்காகவே விலை ஏறும். பக்கத்துல மேடிசன்ல ஆகஸ்ட் நடுவுல மாணவர்கள் மொத்தமா வீடு காலி பண்றப்போ, நல்ல நல்ல சாமானையெல்லாம் தெருவோரம் வெச்சுட்டுப் போவாங்க. அதுக்கு 'ஹிப்பி கிறிஸ்துமஸ்'னே பேரு. சோஃபா எடுங்க, மேஜை எடுங்க. மெஷின் கிடைச்சா, கயித்தை இழுத்துப் பார்த்துட்டு எடுங்க.

அட்வான்ஸ் 1,600-ம் முழுசாத் திரும்பி வந்தது. திருச்சிக்காரனுக்கு செப்டம்பர்ல லேப் வேலை ஒண்ணு கிடைச்சது, இருபது மணி நேரம், கேம்பஸுக்குள்ளேயே. அதுக்கு முன்னாடி ஒரு மாசம் அவன் பங்கு வாடகையை நாங்க மூணு பேரும் பிரிச்சுக்கிட்டோம். டிசம்பருக்குள்ள ஒவ்வொருத்தர்கிட்டயும் கவர்ல போட்டுக் கொடுத்தான், வாங்க மாட்டேன்னு சொல்லியும் கேட்கலை.

நாங்க வீட்டைக் காலி பண்ணினது 2024 மே மாசம். அடுத்து வந்த ஜூனியர்கள்ல ரெண்டு பேர் கோயம்புத்தூர்ப் பசங்க. மெஷினை அவங்களுக்கே விட்டுட்டோம், காசு வாங்கலை. கராஜ்ல நின்னுக்கிட்டு, 'ஓடுமாண்ணா?'ன்னான் ஒருத்தன். 'இழுத்துப் பாரு'ன்னு சொல்ல வாயைத் திறந்தேன். அதுக்குள்ள அவன் குனிஞ்சு இன்ஜின் மேல கையை வெச்சான்.